சர்நேம் சார் அழைத்து வந்த வண்டிக்காரர்

அன்று மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் வசந்தாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. சற்று நேரத்துக்கெல்லாம் நான், திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே யாருக்கும் எதற்கும் உதவாத மனிதர் யாரோ அவரிடம் போய் உதவி கேட்டுக்கொண்டு நின்றேன்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேலப்புதூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த சர்நேம் சாருக்கு ஃப்யூஸ் போடத் தெரியாது. தேங்காய் உடைக்கத் தெரியாது. பால் காய்ச்சினால் பாதி அடுப்புக்கும் மீதி சுவருக்கும் போகும். ஒரு தடவை வீட்டில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தபோது, அவசரத்துக்குக் கொத்துமல்லி வாங்கி வரச் சொல்லி அவரைக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். விருந்தாளிகள் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு வெறுங்கையோடு, முகமெல்லாம் மலர்ந்து வந்து சேர்ந்தார். வழியில் ஒரு வெள்ளைக்காரருடைய கார் டயர் வெடித்து நின்றதாம். அவர் பெயர் ஃபுல்லராம்.

“ஃபுல்லர்னா என்னன்னு நெனைக்கிறீங்க டீச்சரம்மா? நெய்த துணியைத் தொட்டியில போட்டு, மிதி மிதின்னு மிதிச்சு வெளுக்கிறவர்! அவர்கிட்டயே சொன்னேன். மனுஷன் ஆடிப்போயிட்டாரு.”

“கொத்துமல்லி எங்க சார்?”

“எந்தக் கொத்துமல்லி?” என்றார்.

இந்த ஒரு சமாசாரம்தான் அவருக்குத் தெரியும். வெள்ளைக்காரர்களின் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே குடும்பப் பெயர், அது எப்படி வந்தது, எந்தப் பாட்டன் எந்தத் தொழில் செய்ததால் வந்தது என்று அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தூக்கத்தில் கேட்காவிட்டாலும் சொல்வார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். தபால்காரருக்குக்கூட அது தேவைப்பட்டதில்லை. தெருவுக்கே அவர் சர்நேம் சார்தான்.

எல்லாம் பயத்தில் ஆரம்பித்தது என்பார். அவர் வேலை பார்த்தது ஒரு வெள்ளைக்காரத் தோல் கம்பெனியில். அங்கே கூப்பர் என்று ஒரு துரை. துரை அறையில் மணி அடித்தால் இவர் இங்கே பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவார். ஃபைலை நீட்டும்போது காகிதங்கள் தாமாகவே விசிறிக்கொள்ளுமாம். அப்படியிருக்கையில் ஒருநாள் கல்லூரிப் பாதிரியார் ஒருவர் பேச்சுவாக்கில், “கூப்பர் என்றால் மரப் பீப்பாய் செய்பவர், தெரியுமோ?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அன்னிக்கித்தான் டீச்சரம்மா, வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து முதல்முறையா நிம்மதியாத் தூங்கினேன்.”

மறுநாள் துரை வழக்கம்போல மேஜையைத் தட்டிக் கத்தினார். சார் கண்ணுக்குத் துரையும் தெரியவில்லை, மேஜையும் தெரியவில்லை. இடுப்பில் தோல் விரிப்பைக் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஒரு மனிதர் பீப்பாய்க்கு இரும்புப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல உழைப்பாளி. சார் முகத்தில் அவரையறியாமல் ஒரு பரிவான புன்னகை வந்துவிட்டது.

“என்ன சிரிப்பு?” என்று துரை உறும, இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். துரை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே இருந்த குமாஸ்தாக்கள் இவருடைய நாற்காலி யாருக்கு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தபோது துரை தம் அம்மா பிறந்த வீட்டுப் பெயரையும் மாமியார் வீட்டுப் பெயரையும் சொல்லி, “இவர்களெல்லாம் என்ன செய்தார்கள் என்று விசாரித்துச் சொல்” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு சார் கல்லூரி நூலகமே கதியென்று கிடந்தார். அறிவு வளர்ந்தது. பயம் போனது. சம்பளம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

தெரிந்துகொண்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் ஒரு சித்தாந்தமும் வைத்திருந்தார். “தொழில் போகலாம். பேரு நிக்குதே, அதனால ரத்தத்துல அது தூங்கிக்கிட்டிருக்கு. சமயம் வந்தா முழிச்சுக்கும்.” இந்தத் தூக்கத்தைக் கலைப்பதே தம் கடமை என்று நினைத்தார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பேக்கர் என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். ரொட்டி சுடுகிற பரம்பரை நீங்கள், அடுப்புப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று அவரை நச்சரித்து நச்சரித்து ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்ய வைத்துவிட்டார். அந்தக் கேக்கில் எங்களுக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மியில் வைத்து உடைத்துத் தின்றோம்.

“தலைமுறை நிறைய தாண்டிடுச்சு,” என்றார் சார், வருத்தத்தோடு. “இன்னும் ரெண்டு கிறிஸ்துமஸ் போனா வந்துடும்.”

நான் கணக்கு டீச்சராக வேலை பார்த்த கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்க மிஸ் டைலர் என்று ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தார். மெல்லிய தேகம், காற்றடித்தால் குடையோடு சேர்ந்து பறந்துவிடுவார். டைலர் என்றால் கூரைக்கு ஓடு போடுகிறவர் என்று சாருக்குத் தெரிந்த வாரம் திருச்சியில் நல்ல மழை. எங்கள் சமையலறை ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பள்ளியிலிருந்து வந்து பார்க்கிறேன், சமையலறை நடுவில் மிஸ் டைலர் நிற்கிறார், பக்கத்தில் பெருமையோடு சார். அம்மாள் மரியாதை தெரிந்தவர். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். “யெஸ், ஒழுகுது,” என்றார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் அவரிடம் எல்லாரையும்விட அதிகமாகச் சிக்கித் தவித்தவர் மிஸ்டர் கார்ட்டர்.

கன்டோன்மென்ட் பக்கம் இருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் அவர். பியானோ வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். கோட்டு, டை, தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். கையில் அழுக்குப் படும் என்று வெற்றிலைகூட அடுத்தவர் மடித்துக் கொடுத்தால்தான் போடுவார். கார்ட்டர் என்றால் வண்டியோட்டி. இது போதாதா? வழியில் எங்கே பார்த்தாலும் சார் அவரைப் பிடித்து நிறுத்திவிடுவார். ஒரு தடவை என் முன்னாலேயே, தெருவோரம் நின்ற மணப்பாறை மாடு ஒன்றைக் காட்டி, “சும்மா ஒரு தடவை மூக்கணாங்கயித்தைப் புடிச்சுப் பாருங்க சார். கை தானாப் பேசும்” என்றார்.

“என்னா மேன் நீ! என் கையைப் பாரு. பியானோ வாசிக்கிற கை மேன் இது. மாடு என்ன, எனக்கு ஆட்டைப் பாத்தாலே பயம்!”

“அதெல்லாம் மேலுக்கு. உள்ள ஒரு வண்டிக்காரர் தூங்குறாரு.”

“தூங்கட்டும் மேன். எழுப்பாத!” என்று கார்ட்டர் எதிர்ப்பக்கம் தாண்டி ஓடிவிட்டார். அதற்கப்புறம் சாரின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அவர் வேறு தெருவில் திரும்பிவிடுவார் என்று கேள்வி.

பூட்ஸைச் சொல்ல மறந்துவிட்டேன். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தாலும் சாரின் காலில் முகம் பார்க்கிற மாதிரி மினுங்குகிற கறுப்பு பூட்ஸ் இருக்கும். வேட்டிக்குக் கீழே பூட்ஸ். வெறுங்காலோடு அவரை யாரும் பார்த்ததில்லை. துரைகளோடு காலம் தள்ளியதில் அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று என் கணவர் கேலி செய்வார்.

இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அவர் அந்தக் கம்பெனியில் மேனேஜர் மேஜை வரைக்கும் போயிருக்க வேண்டியவர். கடைசியாக வந்த துரை பெயர் ஹாகர்ட். வந்த புதிதில், விருந்தாளிகள் நிறைந்த ஒரு தேநீர் விருந்தில், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “நம் ஹெட் கிளார்க் பெரிய பண்டிதராமே, என் பெயருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். சார் ஒரு கணமும் யோசிக்காமல், “பன்றி மேய்ப்பவர், சார்” என்றார். அந்த அம்மாள் கோப்பையைச் சாஸரில் டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். இரண்டு நாளில் ராணிப்பேட்டை குடோனுக்கு மாற்றல். ஓய்வு பெற்று எங்கள் மாடிக்கு வரும் வரைக்கும் அங்கே பச்சைத் தோலின் நாற்றத்தில்தான் இருந்தார்.

“ஆடு மேய்க்கிறவர்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார்? யாருக்குத் தெரியப்போகுது?” என்று என் மகள் வசந்தா ஒரு தடவை கேட்டாள்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆட்டுக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா எனக்கு? அர்த்தத்தை நானா உண்டாக்கினேன்? நான் சொல்றேன், அவ்வளவுதான். ஒரு பேருக்குப் பொய் அர்த்தம் சொல்றது, செத்துப்போன ஒரு மனுஷனோட உழைப்பைத் திருடுற மாதிரி.”

வசந்தாவுக்கும் அவருக்கும் இப்படி ஓயாமல் வழக்கு நடக்கும். அவள் வாய் என்னைப்போல் இல்லை, கொஞ்சம் நீளம். “அங்க தொழில் போயிடுச்சு, பேரு மட்டும் நிக்குது. பேக்கர் ஃபிட்டராயிட்டாரு, யாரும் ஒண்ணும் கேக்கல. இங்க மட்டும் ஏன் சார், பேரை மாத்தினாலும் ஊரை மாத்தினாலும், உங்க பாட்டன் என்ன பண்ணினான்னு தேடிக்கிட்டு வராங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். சார் மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் இறங்கி வந்து, “ராத்திரியெல்லாம் யோசிச்சேம்மா. தெரியல. நீ கேட்டது சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிப் போனார். பெண்பிள்ளை கேட்ட கேள்விக்கு இரவெல்லாம் யோசிக்கிற ஆணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த வசந்தாதான் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். “நாள் இருக்கு. ஆனா வலின்னு ஒண்ணு எட்டிப் பாத்தாக்கூட உடனே கொண்டுவந்துடுங்க. வீட்டுல வச்சுக்கிட்டிருக்கக் கூடாது. வரும்போது ரொம்பக் குலுங்காம வாங்க” என்று அங்கிருந்த லேடி டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. நாள் தவறாமல் ஒரு ஜட்காக்காரரிடம் சொல்லி வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் வலி வந்தது வைகுண்ட ஏகாதசியன்று.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஏகாதசியன்று திருச்சியில் சக்கரம் வைத்த எதுவும் இருக்காது. ஜட்கா, ரிக்‌ஷா, டாக்ஸி எல்லாம் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கும். என் கணவரும் அங்கேதான் இருந்தார். “விடியற்காலம் சொர்க்கவாசல் சேவிச்சுட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்” என்று போனவர், கூட்டத்தில் எங்கே நசுங்கிக்கொண்டிருந்தாரோ தெரியாது. தெருவில் ஃபோன் வைத்திருந்த ஒரே வீடு பூட்டிக் கிடந்தது. அவர்களும் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை வசந்தாவோடு உட்கார வைத்துவிட்டு ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடினேன். புல்லும் சாணமும் மட்டும் இருந்தன.

சோடாக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏகாதசியாச்சே டீச்சர். குதிரைங்க எல்லாம் சொர்க்கவாசலுக்குப் போயிருச்சு.”

வண்டியில்லாமலே வீடு திரும்பினேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். மாடிப்படியில் சர்நேம் சார் நின்றிருந்தார். வேறு யாரும் இல்லாததால் அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான், சொன்னேன், வேறொன்றுமில்லை.

“சார், வசந்தாவுக்கு வலி வந்துடுச்சு. ஒரு வண்டிகூடக் கிடைக்கல.”

அவர் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். அப்புறம் அவர் கண்ணில் அந்த வெளிச்சம் வந்தது. எந்த வெளிச்சத்தைப் பார்த்தால் நான் பயப்படுவேனோ, அதே வெளிச்சம்.

“வண்டிதானே? கார்ட்டர் இருக்காரே!”

“சார்! அவர் பியானோ வாத்தியார் சார்!”

கேட்க ஆள் இல்லை. அந்த வயதில் மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெருமுனையில் வேட்டி நுனி மட்டும் தெரிந்து மறைந்தது. நான் படித்தவள், டீச்சர், பிறரைத் திட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். அன்று வாசலில் நின்று அந்த மனிதரை என் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

மெயின் ரோட்டுக்குப் போய்க் கையை ஆட்டினேன். ஒரு கார் வந்தது. நிற்கவும் செய்தது. உள்ளே லால்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்திருந்தது. ஒரு குழந்தையின் கால் ஜன்னல் வழியாக வெளியே நீண்டிருந்தது. “ஸ்ரீரங்கம் எந்தப் பக்கங்க?” என்று என்னையே கேட்டார்கள்.

வீட்டுக்குள் வந்தேன். வசந்தா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி விட்டதும் என் முகத்தைப் பார்த்து, “சர்நேம் சார் எங்கம்மா ஓடினாரு?” என்றாள்.

“கார்ட்டரைக் கூட்டிட்டு வர.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லவேளை, பேக்கரைக் கூப்பிடல” என்றாள். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வலி வந்து அவள் என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னமும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்தால் அந்த இடம் தானாக வலிக்கும்.

ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “டீச்சர், வாசல்ல ஏதோ சத்தம்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். தட்டையான நாலு சக்கரக் கைவண்டி ஒன்று எங்கள் வாசலில் நின்றிருந்தது. சக்கரங்களுக்கு மோட்டார் கார் டயர். அடியில் வரிசையாகப் பட்டை ஸ்பிரிங். மேலே கனமான மெத்தை, அதன்மேல் நீல வெல்வெட் விரிப்பு. இழுக்கிற கட்டைக்கு நடுவே, கோட்டு டை தொப்பியோடு, முகமெல்லாம் வியர்வை வழிய மிஸ்டர் கார்ட்டர். பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சர்நேம் சார்.

“பியானோ வண்டி, டீச்சர்,” என்றார் கார்ட்டர். “டான்ஸுக்கு, கல்யாணத்துக்கு வாடகைக்கு அனுப்புவேன். நேத்துதான் நியூ இயர் டான்ஸுக்குப் பியானோ போச்சு. இழுக்கிற கூலி ஆளுங்க எல்லாம் ஸ்ரீரங்கம் போயிட்டாங்க. இந்த ஆளு வந்து, வண்டி குடு, வண்டி குடுன்னு அழுதான். என்கிட்ட வண்டி இருக்குன்னு எப்படி மேன் தெரியும்னு கேட்டேன். தெரியாதுங்கறான்!”

“பேரு இருந்தா வண்டி இருக்கும்னு தெரியும்,” என்றார் சார்.

“ஷட் அப் மேன். புடி அந்தப் பக்கம்!”

வசந்தாவை நானும் ஸ்டெல்லாவும் தாங்கிக்கொண்டு வந்து அந்த வெல்வெட்டில் படுக்க வைத்தோம். புறப்படும்போது மாடிப்படிக்குக் கீழே சாருடைய பூட்ஸ் ஜோடியாக, பாலிஷ் மின்ன நிற்பதைப் பார்த்தேன். கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆயுளில் ஒரு துணிமூட்டைகூடத் தூக்காத கார்ட்டர் முன்னால் இழுக்கிறார். சார் பின்னால் தள்ளுகிறார். நான் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடுகிறேன். எதிரே ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே போகிற கூட்டம், ரோடு நிறைய. கார்ட்டர் முதலில் “எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ” என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. சட்டென்று, எங்கிருந்து வந்ததோ, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுப்பினார்.

“ஹேய்! ஓரம்! ஓரம்! ஓரம் போ!”

காந்தி மார்க்கெட்டில் மூட்டை வண்டி ஓட்டுகிறவர்கூட அப்படிக் கத்த முடியாது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பின்னாலிருந்து, மூச்சுத் திணறலுக்கு நடுவிலும், சாரின் குரல் பரவசமாகக் கேட்டது.

“முழிச்சுக்கிட்டாரு! டீச்சரம்மா, முழிச்சுக்கிட்டாரு!”

“ரத்தமும் இல்ல, பாட்டனும் இல்ல மேன்!” என்று கார்ட்டர் திரும்பாமலே கத்தினார். “பயம் மேன், பயம்!”

வழியில் ஒரு ஏற்றம். அங்கே வண்டி நின்றுவிட்டது. இரண்டு கிழவர்களுக்கும் கால் தரையில் வழுக்குகிறது. எதிரே ஜால்ராவோடு வந்த ஒரு பஜனை கோஷ்டி வசந்தாவைப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அப்படியே திரும்பி, வண்டியில் கை வைத்து, “கோவிந்தா, கோவிந்தா” என்று மேலே ஏற்றிவிட்டு, மறுபடி திரும்பித் தங்கள் வழியே பாடிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் அந்த வண்டி குலுங்கவில்லை. பியானோவின் ஒரு தந்தி கலையாமல் கொண்டுபோகக் கட்டிய வண்டி அது. படகு மாதிரி போயிற்று.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் வந்து, “ஆபரேஷன்தான் பண்ணணும்மா. புதுசா வந்திருக்காங்களே வெள்ளைக்கார டாக்டர், பௌக்கர் அம்மா, அவங்கதான் பண்றாங்க. கையெழுத்துப் போடுங்க” என்றாள். போட்டேன். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் நான். எனக்கு எதிரே சுவரோரம் சாரும் கார்ட்டரும். நான் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு சுலோகமும் நினைவுக்கு வரவில்லை. பியானோ வாத்தியார் வீட்டிலிருந்து வண்டி வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். தண்ணீரில் போகிறவளுக்குத் துரும்பு கிடைத்தாலும் போதுமே. என் கணக்கு வாத்தியார் புத்தியெல்லாம் எங்கோ போய்விட்டது.

“சார்,” என்றேன். “பௌக்கர்னா என்ன சார் அர்த்தம்?”

அதுவரை அவரிடம் யாராவது இப்படிக் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். அன்று வரவில்லை. அவர் உதடு அசைந்தது. கார்ட்டரைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“மருத்துவச்சின்னு அர்த்தம்மா,” என்றார். “பரம்பரையா பிரசவம் பாக்கிறவங்க. கைராசிக்காரங்க. நீங்க பயப்படாதீங்க.”

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நேரத்தைக் கடந்தேன். பரம்பரை மருத்துவச்சி, பரம்பரை மருத்துவச்சி என்று ஜெபம் மாதிரி எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்ட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். நாலு பேர் இருக்கிற இடத்தில் சர்நேம் சார் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

நன்றாக இருட்டிய பிறகு கதவு திறந்தது. நெட்டையாக, மூக்கு சிவந்து, நெற்றியில் நரைமுடி ஒட்டிக்கொண்டிருக்க, டாக்டர் பௌக்கர் வெளியே வந்தார். எந்த ஊர்ப் பண்டிதரிடம் தமிழ் படித்தாரோ, அச்சடித்த மாதிரி பேசினார்.

“அம்மா, உங்கள் மகள் நலம். பேரன் பிறந்திருக்கிறான். அவனும் நலம், மிகவும் கோபமாக இருக்கிறான். பனிக்குடம் உடையாமல் கொண்டுவந்தீர்களே, அதுதான் இருவரையும் காப்பாற்றியது. குதிரை வண்டியில் வந்திருந்தால் நான் இந்தச் செய்தியைச் சொல்லியிருக்க முடியாது.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன பேசுகிறேன் என்று தெரியாமல், “உங்க பரம்பரைக் கைராசி டாக்டரம்மா! உங்க பேருக்கே மருத்துவச்சின்னுதானே அர்த்தம்!” என்றேன்.

டாக்டர் திகைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“மருத்துவச்சியா? யார் சொன்னார்கள்? எங்கள் ஊர்ப் பக்கத்தில் பௌக்கர் என்றால் கசாப்புக்காரர், அம்மா. ஆடு மாடு வெட்டுகிறவர். நான் கத்தியை எடுக்கும்போதெல்லாம் என் அண்ணன் இதைச் சொல்லிக் கேலி செய்வான்.”

நான் மெதுவாகத் திரும்பினேன். பன்றியை ஆடு என்று சொல்ல மறுத்து ராணிப்பேட்டைக்குப் போன மனிதர், கார்ட்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்ட்டர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தரையில், சார் நின்றிருந்த இடத்தில், சிவப்பாகக் கால் தடங்கள்.

டாக்டர்தான் முதலில் குனிந்து பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

“இந்தப் பெரியவர் இத்தனை தூரமும் வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறார். பாதம் முழுவதும் கிழிந்திருக்கிறது. உள்ளே அழைத்து வாருங்கள், கட்டுப்போட வேண்டும்,” என்றார். “யார் இவர்? குழந்தைக்கு என்ன உறவு?”

சார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“தாத்தா,” என்றேன்.